மருந்துக்குத் தடையில்லை, ஆனால் பணம் வராது

வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் எங்களுக்கு, இன்வாய்ஸில் ஈரான் என்ற பெயரைக் கண்டதுமே கை நின்றுவிடும், காரணம் ஈரான் மீதுள்ள அமெரிக்கத் தடைகள். சரக்கு தேயிலையோ பாஸ்மதியோ புற்றுநோய் மருந்தோ, எதுவானாலும் சரி. உணவுக்கும் மருந்துக்கும் அமெரிக்க விதியிலேயே விலக்கு இருக்கிறதே என்று வாடிக்கையாளர் கேட்பார், அவர் சொல்வது உண்மைதான். ஆனால் டாலரில் வரும் பணம் பெரும்பாலும் நியூயார்க்கில் ஏதோ ஒரு வங்கியைத் தொட்டுத்தான் வரும், அங்கே வங்கிகள் ஒன்றுக்கொன்று பணத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் செய்தியில் ஈரான் என்று இருந்தாலோ தடைப் பட்டியலில் உள்ள பெயர் ஒன்று ஒத்துப்போனாலோ முதலில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் விசாரிப்பார்கள். சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக பிரான்ஸின் பி.என்.பி. பரிபாஸ் வங்கி 2014-இல் அமெரிக்காவிடம் கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு சிறு கமிஷனுக்காக எந்த வங்கி இதில் இறங்கும்?

அந்தப் பயத்தின் விலையை நோயாளிகள் கொடுக்கிறார்கள். தோல் கொப்புளித்து உரிந்துபோகும் பிறவி நோயுள்ள ஈரானியக் குழந்தைகளுக்குத் தேவையான கட்டுத்துணியை, 2018-இல் அமெரிக்கா போட்ட தடைகளுக்குப் பிறகு ஸ்வீடன் நிறுவனம் ஒன்று அனுப்புவதை நிறுத்தியது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி சேர்ந்து 2019-இல் இன்ஸ்டெக்ஸ் என்று டாலரைத் தொடாத ஒரு வழியைத் திறந்தன. 2023-இல் மூடும்வரை அதில் நடந்து முடிந்தது ஒரே ஒரு வியாபாரம்.

சரி, இவ்வளவு வலியைக் கொடுக்கும் தடைகள் நினைத்ததை, அதாவது ஈரானின் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்துவதை, சாதிக்கின்றனவா? ஒருமுறை சாதித்தன என்றுதான் சொல்வேன். 2010-இல் ஈரான் மீது தடை போட்ட ஐ.நா. பாதுகாப்பு சபைத் தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும்கூட வாக்களித்தன. 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து துண்டிக்கப்பட்டன, ஜூலையில் ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது, நாளுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயாக இருந்த எண்ணெய் ஏற்றுமதி ஒன்றிரண்டு வருடத்தில் பாதிக்கும் கீழே போனது. தடைகளை நீக்குவேன் என்று வாக்குறுதி கொடுத்த ரூஹானி 2013 ஈரான் அதிபர் தேர்தலில் வென்றார், 2015 ஜூலையில் வியன்னாவில் ஒப்பந்தம் வந்தது. அளவு மீறினால் அணு ஆயுதம் வரை போகக்கூடிய யுரேனியச் செறிவூட்டலுக்கு 3.67 சதவீதம் வரம்பு, பதிலுக்குத் தடை நீக்கம். என்ன கேட்கிறார்கள், கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

2018 மே மாதம் டிரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். ஈரான் ஒப்பந்தப்படி நடக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைகள் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்த முறை கோரிக்கைகள் மொத்தம் 12, ஏவுகணை, சிரியா, ஹிஸ்புல்லா என்று எல்லாம் அதில் அடக்கம், கூட நிற்க ஐரோப்பாவும் இல்லை. எண்ணெய் விற்பனை 2012-ஐவிடக் கீழே விழுந்தது, ஈரானின் நாணயமான ரியால் சரிந்தது, சாதாரண மக்களின் சேமிப்பு கரைந்தது. ஆனால் 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது! சொன்னபடி நடந்தும் தடை திரும்பி வந்தது என்றால், அடுத்த முறை எந்த அரசு இறங்கிவரும்?

இதில் நம் ஊர் ஏற்றுமதியாளர்களும் அடிபட்டார்கள். 2012 முதல் இந்தியா வாங்கிய ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் 45 சதவீதம் நம் நாட்டு யூகோ வங்கியில் ரூபாயாகச் சேர்ந்தது, அந்த ரூபாயிலிருந்துதான் நம் அரிசிக்கும் தேயிலைக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்தார்கள். டாலரே இல்லாததால் நியூயார்க்கும் இல்லை, அருமையான ஏற்பாடு. 2019 மேயில், ஈரான் எண்ணெய் வாங்க அமெரிக்கா கொடுத்திருந்த சலுகை முடிந்து நாம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம், அந்தக் கணக்கில் புதிதாகப் பணம் விழுவதும் நின்றது.

2025 செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்ப வந்துவிட்டதால், ஈரானில் வாங்குபவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சரக்கை ஏற்றிய பிறகு வங்கிக்கு வராதீர்கள். ஆர்டரை உறுதி செய்யும் முன்பே வாங்குபவர் யார், அவருடைய வங்கி எது, எந்த கப்பல், உங்கள் பொருள் எந்த விலக்கில் வருகிறது என்று எழுதிக் கொடுத்து, பணத்தை ஏற்றுக்கொள்வோமா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பணத்தை துபாயில் இருக்கும் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனி அனுப்பும் என்று வாங்குபவர் சொன்னால், அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.