சுழிக்குள் எந்தத் தையல்?

கண் கண்ணாக நெய்த கேன்வாஸில் ஊசி நூலால் தைக்கும் படத்தில் (நீடில்பாயின்ட்) உருவத்தை அழகாக முடித்துவிட்டுப் பின்னணியில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். ‘ஓம்’ எழுத்தின் சுழி, தஞ்சாவூர் ஆட்ட பொம்மையின் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள சந்து, கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கோபுர உச்சியில் கலசங்களுக்கு இடையே விழும் இடுக்கு என்று படம் கெடுகிற இடங்கள் எல்லாம் சின்னவை. பெரிய வெற்றிடத்தைப் பார்த்தே தையலைத் தேர்ந்தெடுப்பதுதான் காரணம்.

ஊசியில் நூல் கோக்கும் முன்பே, மிகக் குறுகலான இடத்தில் கேன்வாஸின் இழை எத்தனை என்று எண்ணித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வடிவம் முழுசாக இரண்டு தடவையாவது விழுந்தால்தான் வடிவமாகத் தெரியும். சின்னச் சின்னச் சாய்வுத் தையல்கள் சேர்ந்து கட்டமாகும் மொசைக் தையல் இரண்டுக்கு இரண்டு இழையில் அடங்கும். அதற்கு நான்கு இழை அகலம் வேண்டும். அதே மாதிரி, ஆனால் பெரிய கட்டமான ஸ்காட்ச் மூன்றுக்கு மூன்று; ஆறு இழை வேண்டும். ஐந்து இழைச் சந்தில் ஸ்காட்ச் போட்டால் ஒரு கட்டமும் ஒரு துண்டும்தான் கிடைக்கும், பார்க்கிறவருக்கு அது பிசகாகவே படும். நான்கு இழைக்கும் குறைவான இடமா? இழைகள் குறுக்கிடும் ஒரு புள்ளியின் மேல் சாய்வாகப் போடும் சாதா டென்ட் தையல் போதும். சுற்றிலும் மொசைக் இருந்தாலும் உறுத்தாது, இரண்டும் ஒரே பக்கம் சாய்பவை.

பிரிக் தையலில் கவனம் தேவை. அது செங்கல் அடுக்குபோல மாறி மாறி நிமிர்ந்து நிற்கும் தையல். சாய்வுத் தையல் அளவுக்குக் கேன்வாஸை மூடாது. அங்குலத்துக்கு 18 கண் உள்ள கேன்வாஸில் டென்ட்டுக்கு நாலு பிரி நூல் போதுமென்றால், பிரிக்குக்கு ஆறு பிரி வரை தேவைப்படும். ஓரத்தில் ஒரு சாண் தைத்துப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.

வடிவத் தையலை அகலமான இடத்தில் தொடங்கி, அங்கிருந்து உருவத்தைத் தாண்டி இழையை எண்ணிக்கொண்டே சந்துக்குள் வாருங்கள். பொம்மையின் கைக்குப் பின்னால் மறைந்த வரிசை, மறுபக்கம் அதே கோட்டில் வெளிவர வேண்டும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும். ஓரத்தில் முழுத் தையலுக்கு இடமில்லையென்றால் நீளத்தைக் குறைத்துப் போடுங்கள். உருவத்தின் மேல் ஏறவே கூடாது.

தமிழ் எழுத்துகளின் சுழிதான் மிகவும் படுத்தும். அங்குலத்துக்கு 13 கண் கேன்வாஸில் ஓர் அங்குல உயரத்தில் ‘ண’ எழுதினால் சுழிக்குள் இரண்டு, மூன்று தையல்தான் கொள்ளும். கறுப்பு எழுத்து, சந்தன நிறப் பின்னணி என்றால் ஊசியை எப்போதும் காலியான கண்ணில் மேலே எடுத்து, நூல் நிறைந்த கண்ணில் கீழே இறக்குங்கள். மாற்றிச் செய்தால் கறுப்பு நார் மேலே கிளம்பி வெளிர் நூலில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கவும் வராது. சுழிக்குச் சுழி நூலைப் பின்புறம் இழுத்துக்கொண்டு போகாமல், ஒவ்வொன்றையும் தனியாக முடித்து வெட்டிவிடுங்கள்.

நூலை மிச்சம் பிடிக்க, டென்ட்டுக்குப் பதிலாக, முன்பக்கம் அதேபோலத் தெரியும் அரைக் குறுக்குத் தையல் போடுவோர் உண்டு. ஒற்றை இழைக் கேன்வாஸில் அது இழைக்கு நடுவே நழுவிவிடும். பெரிய பரப்புக்கு டென்ட்டை மூலைவாட்டில் தைத்துப் போகும் பாஸ்கெட்வீவ் போட்டால் கேன்வாஸ் கோணாது; சந்துக்கு மட்டும் அதையே வரிசை வரிசையாகப் போடும் கான்டினென்டல் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொன்றையும் பாருங்கள். கேன்வாஸை விறைப்பாக வைத்திருப்பது கஞ்சிதான். ஈரக் காற்றும் கை வியர்வையும் பட்டால் அது இளகி, கண்கள் சாய்ந்துவிடும்; இடுக்கான இடத்தில் எண்ணுவதே சிரமம். சட்டத்தில் இழுத்துக் கட்டியே தையுங்கள், கையைத் துடைக்க ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.