பிளாக்: கட்டம்

காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் கேட்பவர், எத்தனை கல் என்பதோடு எத்தனை அங்குலக் கல் என்பதையும் சொல்லியாக வேண்டும். 8 அங்குலச் சதுரக் கல் 900 இருந்தால் 400 சதுர அடிதான் நிரம்பும். 12 அங்குலக் கல்லென்றால் அதே எண்ணிக்கை 900 சதுர அடிக்கு வரும். கணினி வட்டின் இடத்தைச் சொல்லும் ‘பிளாக்’ என்ற சொல்லும் இத்தகையதே.

மரத்துண்டைக் குறித்த ‘பிளாக்’ என்ற டச்சுச் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நேரே பெயர்த்தால் ‘கட்டை’ என்றாகும். வட்டில் அது, கோப்புக்கு ஒதுக்கப்படும் மாறா அளவுள்ள இடத்தைக் குறிக்கிறது. அந்த அளவு 4096 பைட்டாக இருந்தால், ஒரே எழுத்துள்ள கோப்புக்கும் பொதுவாக ஒரு முழு பிளாக் செலவாகும்.

சிக்கல் என்னவென்றால், இடத்துக்கு இடம் இச்சொல்லின் அளவு வேறுபடுகிறது. வட்டிடம் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான ‘போசிக்ஸ்’ பொதுத் தரப்படி 512 பைட்டையும், லினக்ஸில் பரவலாக உள்ள ‘குனு’ பதிப்பில் இயல்பாக 1024 பைட்டையும் ஒரு பிளாக்காக எண்ணுகிறது. நிரல்கள் வட்டிடத்தைக் கேட்டறியும் ‘ஸ்டாட்விஎஃப்எஸ்’ என்னும் அழைப்போ இரண்டு அளவுகளைத் தருகிறது: ஒன்று படிக்கவும் எழுதவும் உகந்த அளவு, மற்றொன்று எண்ணிக்கைக்கு அடிப்படையான அளவு. முன்னது 10,48,576 ஆகவும் பின்னது 4096 ஆகவும் இருக்கும் கணினியில், நிரலர் பிளாக் எண்ணிக்கையை முன்னதால் பெருக்கிவிட்டால், பயனருக்கு 256 மடங்கு இடம் பொய்யாகத் தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதை நான் பெரிய குற்றமாகவே கருதுகிறேன்.

தமிழில் ‘தொகுதி’ என்று எழுதுவோர் உண்டு. நூலுக்கும் தேர்தலுக்கும் உரிய அச்சொல்லில் சம அளவு என்னும் கருத்து இல்லை. ஆகவே ‘கட்டம்’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. ஜாதகத்தில் கோள் நின்றாலும் நில்லாவிட்டாலும் கட்டம் கட்டமாகவே எண்ணப்படுவதை நாம் அறிவோம்.

வட்டில் மிஞ்சிய இடத்தைச் சொல்லும் ‘ஃப்ரீ’ என்பதற்கும் ஒரே சொல் போதாது. லினக்ஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாக 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்கி வைப்பதால், மொத்தமாக மிஞ்சியதைக் ‘காலிக் கட்டம்’ என்றும், பொதுப் பயனர் எடுத்தாளக்கூடியதைக் ‘கிடைக்கும் கட்டம்’ என்றும் பிரித்து, இரண்டின் அருகிலும் ‘கட்டம் ஒன்றுக்கு 4096 பைட்டு’ என்பதுபோல் அளவையும் எழுத வேண்டும்.