பூட்டிய கடைக்கு நான்கு எண்கள்

மலேசியாவில் நகராண்மைக் கழகக் கவுண்ட்டரில் போய், “ஊரில் காலியாகக் கிடக்கும் கடைகளின் பட்டியல் வேண்டும்” என்று கேட்டால், “தியாடா ரெக்கோட்”, பதிவு இல்லை, என்று பதில் வரும். மறைக்கிறார்கள் என்று உடனே கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உண்மைதான். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, கட்டடங்களுக்கு நகராண்மைக் கழகம் விதிக்கும் மதிப்பீட்டு வரிக்கு ஒரு பட்டியல் வைக்கச் சொல்கிறது. கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கச் சொல்கிறது. காலிக் கடைக்கென்று தனி ஏடு வைக்கச் சொல்லவில்லை. வேறு காரணங்களுக்காக எழுதப்பட்ட ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துத்தான் எது காலி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்வோம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். பெயர் தென்னமரம், ஆனால் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது அங்கேதான். இப்படித் தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில் கடைத்தெருவின் வயிறு லயத்துச் சம்பளத்தால், அதாவது தோட்டக் குடியிருப்புத் தொழிலாளர்களின் சம்பளத்தால், நிறைந்தது. லயம் காலியாகி ஆட்கள் வெளியேறினால் அடுத்தது கடைவீடுகள்தான். கடை முன்னால் உள்ள நடைபாதையான அஞ்சடியில் நடந்து போனால் இறக்கிய ஷட்டர்களை எண்ணிவிடலாம். அவற்றில் எத்தனை உண்மையிலேயே காலி என்பதை அப்படிச் சொல்லிவிட முடியாது.

முதல் ஏடு மதிப்பீட்டு வரி, நம் பேச்சில் சுக்காய் பிந்து. ஜொகூர் தவிர்த்த தீபகற்ப மாநிலங்களில் இது பொதுவாக ‘ஆண்டு மதிப்பின்’ மேல் கணக்கிடப்படுகிறது. அந்தக் கட்டடம் நியாயமாக ஓராண்டில் எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற மதிப்பீடுதான் ஆண்டு மதிப்பு. வரி விகிதம் அதில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் அதைவிட மிகக் குறைவு. ஆண்டுக்கு இரு தவணை: பிப்ரவரி இறுதிக்குள் ஒன்று, ஆகஸ்டு இறுதிக்குள் ஒன்று. கட்டாவிட்டால் பாக்கியைக் கேட்கும் நோட்டிஸ் ஈ வரும், அதற்கும் அசையாவிட்டால் பொருளைப் பறிமுதல் செய்யும் வாரண்ட் எஃப். கடையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி வரிதான். அதனால் வரி பாக்கியை வைத்து ‘காலி’ என்று முடிவு கட்டுவது தவறு. வியாபாரம் நடக்கும் கடையும் பாக்கி வைக்கும். பத்து வருடம் பூட்டிய கடையின் வரியைக் கோலாலம்பூரிலிருந்து மகன் ஒழுங்காக ஆன்லைனில் கட்டிக்கொண்டிருப்பான்.

இந்த ஏட்டில் காலியிடத்தைப் பற்றி நேராகப் பேசும் ஒரே இடம் பிரிவு 162. கட்டடத்தில் யாரும் இல்லை, வாடகையும் வரவில்லை என்றால், கட்டிய வரியில் அந்தக் காலத்துக்குரிய பங்கைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு கணக்கு: மாத வாடகை 800 ரிங்கிட் பெறும் கடைக்கு ஆண்டு மதிப்பு 9,600. விகிதம் 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 672 ரிங்கிட், அரையாண்டுக்கு 336. அந்த ஆறு மாதத்தில் நான்கு மாதம் காலி என்று நிரூபித்தால் கேட்கக்கூடியது 224 ரிங்கிட். ஆனால் கட்டடம் பழுதில்லாமல் குடிபுகத் தக்கதாக இருக்க வேண்டும், வாடகைக்கு ஆள் தேட நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும், கேட்ட வாடகை நியாயமானதாக இருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. ‘வாடகைக்கு’ என்று தொங்கவிட்ட பலகையின் தேதியிட்ட படம், மின் பில், தண்ணீர் பில் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது நல்லது.

இந்த விண்ணப்பங்கள்தான் காலிக் கடைகளின் பட்டியலுக்கு மிக நெருங்கிய ஆவணம். அதே சமயம் மிக ஏமாற்றும் ஆவணமும் இதுதான். ஓடு சரிந்து மாடியில் அரச மரம் முளைத்த கடைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் உரிமையாளர் விண்ணப்பிக்கவே மாட்டார். வரி பாக்கி வைத்தவருக்குத் திருப்பிக் கேட்க ஒன்றுமில்லை. நல்ல நிலையில் இருக்கும், அண்மையில் காலியான, விவரம் தெரிந்த உரிமையாளரின் கடைதான் இங்கே பதிவாகும். ஊரில் 30 கடை பூட்டிக் கிடக்க, விண்ணப்பம் மூன்றுதான் என்றால் அதில் வியப்பில்லை.

இரண்டாவது ஏடு வியாபார லைசன்ஸ். பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பது. புதுப்பிக்காத லைசன்ஸ் ஒரு நல்ல தடயம், அவ்வளவுதான். லைசன்ஸ் ஆளின் பெயரில் அந்தக் கடைக்குக் கொடுக்கப்படுகிறது. பழைய வாடகைக்காரர் போய்ப் புதியவர் விண்ணப்பித்துக் காத்திருக்கும் இடைவெளியிலும் கடை திறந்தே இருக்கும்.

மூன்றாவது ஏடு நகராண்மைக் கழகத்திடம் இல்லை; நில அலுவலகத்தில் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் பிரிவு 384 தனியார் தேடலையும் பிரிவு 385 அதிகாரபூர்வத் தேடலையும் அனுமதிக்கிறது. நீங்கள் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டினால் போதும். பதிவான உரிமையாளர், அடமானம், கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட் எல்லாம் அதில் தெரியும். பழைய கடைவீடுகளில் வரும் சிக்கல்: உரிமையாளர் இறந்து வெகுநாளாகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கும். பிள்ளைகள் மரபுரிமை மாற்றம் செய்யாதவரை யாராலும் முறையாக விற்க முடியாது. கடை ஏன் காலி என்ற கேள்விக்குப் பல நேரம் விடை இந்த ஒரு தாளில் இருக்கும். கைமாறிய சொத்தை மூன்று மாதத்துக்குள் நகராண்மைக் கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம் 171இன் பிரிவு 160. மறப்பவர்கள் நிறைய. அதனால் நில அலுவலகத்தில் ஒரு பெயரும் வரி பில்லில் இன்னொரு பெயரும் இருக்கும். நில உரிமைக்கு நில அலுவலகப் பெயரையே நம்புங்கள்.

ஏடுகளை ஒட்டுவதில்தான் உண்மையான வேலை. ஒரே கடைக்கு வரிக் கணக்கு எண், லைசன்ஸ் எண், பட்டா எண், லாட் எண் என்று நான்கு எண்கள். நான்கையும் இணைக்கும் ஒற்றைச் சாவி கிடையாது. முகவரியைச் சாவியாக்கினால் ‘ஜாலான் பெசார்’ ஒரு ஏட்டிலும் ‘ஜேஎல்என் பெசார்’ என்ற சுருக்கம் இன்னொன்றிலும் இருக்கும். கணினி இரண்டையும் வேறு தெரு என்று எடுத்துக்கொள்ளும். லாட் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. நிலத்தைப் பிரித்து அளவை முடியும்வரை கொடுப்பது தற்காலிகப் பட்டா. ‘எச்எஸ்டி’ அல்லது ‘எச்எஸ்எம்’ என்று தொடங்கும் அதில் நிலத்துக்கு ‘பிடி’ எண் இருக்கும். அளவை முடிந்து இறுதிப் பட்டா வரும்போது ‘கெரான்’ அல்லது ‘ஜிஎம்’ ஆக மாறி, புதிதாக ஒரு ‘லாட்’ எண் விழும். வரிக் கோப்பு பிடி காலத்தில் திறந்ததென்றால் அதே பழைய எண்ணோடு நிற்கலாம். பிடி 1204ஐயும் லாட் 1204ஐயும் ஒன்றென்று நினைத்துத் தேடினால் வேறொருவர் நிலத்தின் விவரத்தைக் காசு கொடுத்து வாங்கி வருவீர்கள். பட்டாவின் முகப்பைப் பார்த்து எது பிடி, எது லாட் என்று இரண்டு தனிப் பத்திகளில் எழுதுங்கள். மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிமின் பெயரையும் விடாதீர்கள். லாட் எண் முக்கிமுக்கு முக்கிம் திரும்ப வரும்.

மாடியையும் மறக்கக் கூடாது. இரண்டடுக்குக் கடைவீட்டுக்குப் பொதுவாக ஒரே பட்டா, ஒரே வரிக் கணக்கு. ஆனால் கீழே ஒரு லைசன்ஸ், மேலே ஒரு லைசன்ஸ் இருக்கலாம். ‘பாதி காலி’ என்று எழுத உங்கள் அட்டவணையில் இடம் வேண்டும்.

இனி, கேட்கும் முறை. தகவல் சுதந்திரச் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் உண்டு. பேராக்கிலோ கெடாவிலோ உள்ள தோட்டப் பட்டணத்துக்கு இந்த வழி இல்லை. சிலாங்கூரின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி மன்றங்களையும் சேர்த்துக்கொள்கிறது. விண்ணப்பப் பாரத்தை நகராண்மைக் கழகத்தின் தகவல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் மாநிலத் தகவல் வாரியத்திடம் மேல்முறையீடு. பாரத்தில் தகவல் எதற்கு என்று எழுத வேண்டும். எழுதிய நோக்கத்தை மீறிப் பயன்படுத்துவது குற்றம். ஆகவே ‘ஆய்வு’ என்று எழுதி வாங்கிவிட்டு அதைச் சொத்துத் தரகுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

“காலிக் கடைகள் எத்தனை?” என்று கேட்டால் முதலில் சொன்ன அதே பதில்தான் வரும். கையில் இருப்பதைத் தருவதே அவர்கள் கடமை. இல்லாததை உங்களுக்காகத் தயாரிப்பது அல்ல. “ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பிரிவு 162இன் கீழ் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை, தெரு வாரியாக, அவற்றில் ஏற்கப்பட்டவை எத்தனை” என்று கேளுங்கள். அடுத்ததாக, “இந்த மூன்று தெருக்களில் சென்ற ஆண்டு புதுப்பிக்கப்படாத லைசன்ஸ்களின் எண்ணிக்கை.” பெயர் கேட்காதீர்கள், பெயர் வந்தால்தான் மறுப்பும் வரும். மலாயில் எழுதுங்கள், எக்செல் கோப்பாகக் கேளுங்கள்.

தகவல் சுதந்திரச் சட்டம் இல்லாத மாநிலத்தில் சட்டம் 171தான் துணை. பிரிவு 23இன்படி முழு மன்றக் கூட்டம், மன்றமே தீர்மானித்து மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை தானாக வராது. வரி செலுத்துவோர் கூட்டக் குறிப்பைப் பார்வையிடப் பிரிவு 27 வழிசெய்கிறது.

தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக்கின் அறிக்கையில் ‘ஓவர்ஹேங்’ கடைகள் என்று ஓர் எண் வரும். அது, கட்டி முடித்துத் தகுதிச் சான்று பெற்று, விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதம் கடந்தும் விற்காத கடைகளின் எண்ணிக்கை. 1960களில் விற்றுப்போன கடைவீடு எவ்வளவு நாள் பூட்டிக் கிடந்தாலும் அந்தக் கணக்கில் வராது.

கடைசியில் நேரில் போய்ப் பார்க்காமல் எதையும் உறுதி செய்ய முடியாது. வெளியில் தெரியும் தண்ணீர் மீட்டரை 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை படியுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் அதன் பின்னங்கள். துளியும் நகராவிட்டால் காலி என்பதற்கு நல்ல சான்று. நகர்ந்தால் உடனே ‘ஆள் இருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய், சொட்டுக்குக் கால் மில்லிலிட்டர் என்றால், நாளைக்கு ஏறக்குறைய 22 லிட்டர், 14 நாளில் சுமார் 300 லிட்டர். மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துச் சிறு துளைகள் மட்டும் விட்டிருந்தால், அந்தி நேரத்தில் நின்று கேளுங்கள். ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் வந்தால் அது வாலெட் குருவிக் கூடு வளர்க்கும் இடம். மனிதர் யாரும் இல்லை, ஆனால் கடை காலியும் இல்லை.

ஒரே நாளில் எண்ணிவிட்டு வராதீர்கள். சம்பள வாரத்தில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு வேலைநாள் காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. தீபாவளிக்கு ஆறு வாரம் மட்டும் துணி விற்கத் திறக்கும் கடையை எந்தப் பத்தியில் போடுவது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, அட்டவணையின் தலைப்பில் எழுதி வையுங்கள்.