வழி தவறுவதும் மறதிதான்

ஞாபக மறதி என்று பெரியவர் ஒருவரை அழைத்து வந்தால், கூட வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது வழியைப் பற்றித்தான். பழகிய தெருவில் எப்போதாவது திசை தெரியாமல் நின்றாரா? கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனவர், உட்கார்ந்திருந்த இடத்துக்குத் திரும்பத் தடுமாறினாரா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பது என்று குழம்பினாரா? "ஆமாம் டாக்டர், போன வருஷமே ஒரு தடவை..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அதை வயசுக் கோளாறு என்று விட்டிருப்பார்கள்.

அப்படி விடக்கூடாது. காரணம், மூளையில் நினைவும் வழியும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. சுண்டு விரல் அளவுதான் இருக்கும். அதை ஒட்டியது என்டோரைனல் கார்டெக்ஸ். காலையில் நடந்ததை மாலை வரை மறக்காமல் பதிந்து வைப்பதிலும், நாம் எங்கே நிற்கிறோம் என்ற வரைபடத்தைத் தயாராக வைத்திருப்பதிலும் இந்த இரண்டுக்கும் முக்கியப் பங்கு. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் இயங்கும் செல்கள் ஹிப்போகாம்பஸில் இருப்பதை 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் காட்டினார். எலி நடக்கும் தரை முழுவதையும் சீரான கட்டங்களாகப் பிரித்து அளக்கும் செல்களை, 2005-ல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் என்டோரைனல் பகுதியில் கண்டார்கள். 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முதுமையில் நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோயில் டௌ என்ற புரதம் சிக்குப் பிடித்துச் சேர்கிறது. மூளையின் வெளி அடுக்கான புறணியில் அது வழக்கமாக முதலில் தலைகாட்டுவது இந்த என்டோரைனல் பகுதியில்; பிறகு ஹிப்போகாம்பஸ். அதனால்தான் நேற்றைய நிகழ்ச்சியும் தெருவின் திசையும் சேர்ந்தே நழுவ ஆரம்பிக்கின்றன. பேச்சும் மரியாதையும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதைகளும் அப்படியே இருக்கும். வந்து பார்க்கும் உறவினர்கள், "நல்லாத்தானே பேசுறார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: "தினமும் கோயிலுக்குத் தனியா போய்ட்டு வர்றார் டாக்டர்." உண்மைதான். ஆனால் பல வருடம் நடந்த பாதைக்கு வரைபடம் தேவையில்லை. இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று பழக்கமாகிப்போன நடையை நடத்துவது மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற வேறொரு பகுதி. அது நோயின் ஆரம்பத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வடிகால் வேலைக்காகத் தெருவைத் தோண்டி, பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னால்தான் சிக்கல் தெரியும். சுற்றுவழியைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டுமே! ஆகவே, வழக்கமான பாதையில் தவறாமல் வந்து போவதை வைத்து மட்டும் சரியாக இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வீடு மாறும்போதுதான். அப்பா இறந்தபின் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்து, மூன்று மாதம் பெரியவன் வீடு, மூன்று மாதம் சின்னவன் வீடு என்று வைத்துக்கொள்கிறார்கள். பாசத்தோடுதான் செய்கிறார்கள். அந்த அம்மா ராத்திரி பாத்ரூமைத் தேடிச் சமையலறையில் நிற்கிறார். "இங்க வந்ததும்தான் இப்படி ஆயிட்டாங்க" என்கிறார்கள். பெரும்பாலும் நோய் முன்பே இருந்திருக்கும். ஊர் வீட்டின் பழக்கம் அதை மறைத்து வைத்திருந்தது.

இங்கே ஹென்றி மொலைசனைச் சொல்ல வேண்டும். வலிப்பை நிறுத்துவதற்காக 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அவருடைய ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியை இரு பக்கமும் அகற்றினார்கள். அதன்பின் சற்று முன் சந்தித்தவரைக்கூட அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் அறுவைக்குப் பிறகு குடிபோன வீட்டின் அமைப்பை மட்டும் பின்னாளில் சரியாக வரைந்து காட்டினார். பல வருடம் அதே அறைகளில் நடந்து நடந்து, மிச்சமிருந்த பகுதிகள் அதை மெல்ல மெல்லப் பதிந்துகொண்டன என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அதனால் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: முடிந்தவரை ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், பிள்ளைகள் அந்த வீட்டுக்கு வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்ற வேண்டாம். பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து, உள்ளே இரவெல்லாம் விளக்கு எரியட்டும்.

வழி தடுமாற்றம் எல்லாமே அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் ஆகியவையும் நினைவைக் குழப்பும். விழுந்து சில வாரம் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டினாலும் இப்படி ஆகும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நினைவுத்திறன் சோதனை ஆகியவற்றோடு தொடங்குவோம். வரும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஆனால் நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று இடம் தெரியாமல் குழம்பினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கவாதமோ, நோய்த்தொற்றோ, சர்க்கரையோ சோடியமோ குறைந்ததோ காரணமாக இருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், சட்டைப்பையிலோ பர்ஸிலோ பெயரும் வீட்டாரின் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். போனைப் பல நேரம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காணவில்லை என்றால், மாலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல், உடனே போலீஸுக்குச் சொல்லிவிட்டு, அவர் முன்பு குடியிருந்த வீடு, வேலை பார்த்த இடம் என்று பழைய பாதைகளில் முதலில் தேடுங்கள்.