அவசரம் வந்தால் போதை இறங்கிவிடுமா?

இரவு பத்தரை மணி. நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. அப்பாவுக்கு நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுகிறது. அவர் சட்டென்று எழுகிறார், முகத்தைக் கழுவிக்கொள்கிறார், கார் சாவியை எடுக்கிறார். கால் தடுமாறவில்லை, நாக்கும் குழறவில்லை. நண்பர் தடுக்கப் பார்த்தால் பதில் தயாராக இருக்கிறது: "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்டா, விடு. அந்த போன் வந்ததுமே அடிச்சதெல்லாம் இறங்கிடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஓர் உயிர் ஊசலாடும் நேரத்தில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டா நிற்பது என்று மனசு கேட்கிறது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தர்மத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் கல்லீரலிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 180 மில்லிலிட்டர். பிராந்தியோ ரம்மோ, அதில் ஆல்கஹாலின் பங்கு 42.8 சதவீதம். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். உடலில் தண்ணீர் இருக்கும் இடங்களில் எல்லாம் இது பரவுகிறது. எவ்வளவு குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் விட்மார்க் 1930களில் ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் தடயவியல் துறையினர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 70 கிலோ எடையுள்ள ஆண், வெறும் வயிற்றில் வேகமாக ஒரு குவாட்டரைக் குடித்தால், ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலும் 125 மில்லிகிராம் வரை ஆல்கஹால் ஏறும். பெண்களின் உடலில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதால் அதே எடை, அதே அளவுக்கு இன்னும் கூடும். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். பாதி குவாட்டர், அதாவது ஒரு 'கட்டிங்' போட்டாலே இந்த வரம்பைப் போல இரண்டு மடங்கை எட்டிவிடலாம்.

இனி அது இறங்கும் கதை. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக மாற்றுகிறது. முதல் நொதி மிகக் குறைந்த அளவு ஆல்கஹாலிலேயே முழுக் கொள்ளளவையும் எட்டிவிடும். ஒரே ஒரு தராசு வைத்திருக்கும் ரேஷன் கடை மாதிரி. வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் மணிக்கு இத்தனை பேருக்குத்தான் அரிசி போட முடியும். அந்த வேகம் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பத்தரை மணிக்கு 125-இல் இருப்பவர் 30-க்குக் கீழே வர விடிகாலை ஐந்து மணி ஆகிவிடும்.

அதிர்ச்சியான செய்தி இதில் என்ன செய்கிறது? சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் படபடக்கிறது, கண்பாவை விரிகிறது, மயக்கம் கலைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கல்லீரலில் நிற்கும் வரிசை அட்ரினலினால் ஒரு அடிகூட வேகமாக நகர்வதில்லை. பச்சைத் தண்ணீர், கறுப்புக் காபி, எலுமிச்சைச் சாறு எதற்கும் அந்தச் சக்தி கிடையாது. வாந்தி எடுத்தால் இரைப்பையில் மிச்சம் இருப்பது வெளியே வரும். ரத்தத்தில் கலந்தது ரத்தத்தில்தான் இருக்கும். போதை இறங்கவில்லை. அதன் மேல் பதற்றம் ஏறியிருக்கிறது.

பலரும் யோசிக்காத இன்னொன்று: கடைசி மடக்கு உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகிறது என்றால், ஆல்கஹால் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். சாவியைக் கையில் எடுக்கும்போது இருக்கும் அளவை விட, பைபாஸில் போய்க்கொண்டிருக்கும்போது அதிகமாக இருக்கக்கூடும்.

சரி, அவருக்கு ஏன் தெளிவாக இருப்பதாகத் தோன்றுகிறது? என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையமே இதுதான். மூளை நரம்புகளை அடக்கிவைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை ஆல்கஹால் கூட்டிவிடுகிறது. நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. திட்டமிடுதல், எடைபோடுதல், தன்னைத் தானே கண்காணித்தல் போன்ற நுட்பமான வேலைகள் சீக்கிரமே அடிவாங்குகின்றன. நடை தள்ளாடுவதும் நாக்கு குழறுவதும் அதற்கு வெகு பிறகுதான். அதனால், தடுமாறவில்லை என்பதை வைத்துத் தெளிவாக இருக்கிறோம் என்று முடிவு கட்ட முடியாது. நாம் ஒரு தவறு செய்யும்போது, மூளையின் நடு முன்பகுதியில் கண நேரத்தில் ஒரு மின் அலை எழும், 'தப்பு' என்று எச்சரிக்கும். அளவான குடியே அந்த எச்சரிக்கையை மங்கச் செய்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினார்கள். தவறு நடக்கிறது, தவறு நடந்தது என்ற தகவல் மட்டும் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

எட்வர்ட் மெல்லன்பி என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1919-இல் நாய்களிடம் செய்த சோதனைகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும்போது ஓர் அளவில் தெரியும் தள்ளாட்டம், இறங்கும்போது அதே அளவில் அவ்வளவாகத் தெரியவில்லை. மனிதர்களிடமும் இது உண்டு. பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டியது இன்னும் கவலைக்குரியது. 'தெளிந்துவிட்டேன்' என்ற உணர்வு சீக்கிரம் திரும்பிவிடுகிறது, வண்டி ஓட்டத் தேவையான திறன்கள் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. நம்பிக்கை முன்னே போகிறது, கை பின்னே வருகிறது.

இதோடு பயமும் சேர்ந்தால்? குடித்தவரின் கவனம் கண்முன் பளிச்சென்று நிற்கும் ஒன்றிலேயே ஒட்டிக்கொள்ளும், ஓரத்தில் இருப்பவை மறைந்துபோகும் என்று உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990-இல் விளக்கினார்கள். 'ஆல்கஹால் கிட்டப்பார்வை' என்று அதற்குப் பெயர். கடும் அச்சமும் கவனத்தைச் சுருக்கும். மாடியில் நிற்பவரின் மனசில் அப்பா இருக்கிறார், சாவி இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரிடம் கார் இருப்பதும், அந்தத் தெருவிலேயே குடிக்காத நாலு பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதும், 108 என்று மூன்று எண்ணை அழுத்தினால் போதும் என்பதும் அவர் கண்ணில் படுவதில்லை. வேறு வழியே இல்லை என்று அவர் சொல்வது பல நேரங்களில் ஆல்கஹால் வழிகளை மறைத்துவிட்டதன் விளைவு.

ஓட்டுவதிலும் இதே சிக்கல்தான். ஒரே நேரத்தில் பல விஷயங்களைக் கவனிப்பது மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படும் திறன். அவசர ஓட்டம் என்பதே அந்தத் திறனுக்கு வைக்கும் பரீட்சைதான்: பின் சீட்டில் முனகல், காதில் போன், எதிரே லாரி விளக்கு, முன்னால் சிக்னல். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பிரேக்கில் கால் வைக்க அரை நொடி தாமதமானால் 11 மீட்டர் போய்விட்டது. பத்துக் கிலோமீட்டர் தூரத்தை 60-க்குப் பதில் 80-இல் ஓட்டி மிச்சம் பிடிப்பது இரண்டரை நிமிடம். அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களை ஒப்பிட்டு, மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியைக் கண்டுபிடித்த ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், 80 மில்லிகிராமைத் தாண்டினால் விபத்து வாய்ப்பு கிடுகிடுவென்று ஏறியது. 150-ஐத் தாண்டியவர்களிடம் அது மிக மிக அதிகம்.

ஒருவேளை வழியிலேயே அப்பாவின் இதயம் நின்றுவிட்டால்? நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்த வேண்டும். தனியாக ஓட்டிப் போகிறவரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்.

சட்டம் இந்தச் சங்கடத்தை அறியாதது அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இன்னொரு பக்கம் பாரதிய நியாய சம்ஹிதாவின் 19-ஆவது பிரிவு, பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு, குற்ற நோக்கமில்லாமல் செய்த காரியத்துக்கு விலக்கு தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 81-ஆவது பிரிவுதான் இது. ஆனால் உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் சேராது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆல்கஹால் முதலில் எடுத்துக்கொள்வதே அந்த உரிய கவனத்தைத்தான். மூச்சை ஊதிக் காட்டும் கருவியின் எண் பெரிதாகப் பெரிதாக, இந்த விலக்கைக் கேட்பவரின் வாதம் தேய்ந்துகொண்டே போகும் என்றே எனக்குப் படுகிறது.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கின்றன. தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பக் காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போய், ஆபத்து நீங்கியதும் நிறுத்திய ஒருவரின் வாதத்தை 1990களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார்கள். யாராவது துரத்துகிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வீடு வரை ஓட்டிப் போன இன்னொருவரின் வாதத்தை ஏற்கவில்லை. ஆபத்து முடிந்த இடத்தில் அனுமதியும் முடிந்தது. அங்கே வரம்பு 80 மில்லிகிராம். மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்காக உரிமத்தைப் பறிக்காமல் விட நீதிபதிக்கு இடம் உண்டு. ஆனால் 100-ஐத் தாண்டியவருக்கு அந்தச் சலுகையை மிக அரிதாகவே தர வேண்டும் என்று 1974-இல் ஒரு தீர்ப்பு வழிகாட்டியது. அதே கேள்விக்கு 1990களில் வந்த இன்னொரு தீர்ப்பு வைத்த உரைகல் எனக்கு மிகவும் பிடித்தது. பொறுப்பான, குடிக்காத நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'போ' என்பாரா, 'போகாதே' என்பாரா? குடித்தவரின் மூளையில் மங்கிக் கிடக்கும் பகுதியை வெளியிலிருந்து கடன் வாங்கி வைக்கும் ஏற்பாடு அது. நரம்பியல் தெரிந்தவர்கள் எழுதியது போல இருக்கிறது.

அந்த நண்பர் 'போ' என்று சொல்லும் இரவும் இருக்கலாம். மலைக் கிராமம், குழந்தைக்குப் பாம்புக்கடி, ஆம்புலன்ஸ் ஏறி வர ஒரு மணி நேரம், ஊரில் ஒரே ஜீப், ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் சாயங்காலம் ஒரு பீர் குடித்தவர். ரத்தத்தில் 35-ஓ 40-ஓ இருக்கும் அவர் நிதானமாக இறங்கி வந்து, பாதி வழியில் ஆம்புலன்ஸைச் சந்தித்துக் குழந்தையை ஒப்படைத்தால் நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதே ஆள் குவாட்டரை முடித்தவர் என்றால் என் பதில் வேறு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த நிலையில் அவர் ஓட்டுவது குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வாய்ப்பைக் கூட்டாது, குறைக்கும். தன் எண் 35-ஆ 125-ஆ என்பதை அவரே சொல்ல முடியாது. எத்தனை குடித்தார் என்று கூட இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாடியில் நின்றவரிடம் திரும்புவோம். 108-க்கு அவரே அழைக்கலாம், முகவரி சொல்ல அவருக்கு வரும். அம்மாவிடம் போனில், அப்பாவை நடக்க விடாமல் சாய்த்து உட்காரவைக்கச் சொல்லலாம், கதவைத் திறந்து வைக்கச் சொல்லலாம். எதிர்வீட்டுக்காரரை எழுப்பிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளலாம். வீட்டுத் தெரு இருட்டாக இருந்தால், முனையில் இறங்கி நின்று ஆம்புலன்ஸ் வரும் திசையைப் பார்த்துக் கைபேசி வெளிச்சத்தை ஆட்டலாம்.