சிவப்பு வைன் ஏன் வாயைச் சுருக்குகிறது?

கல்லடியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் மார்ச் மாதம் போகிறாராம். அங்கிருந்து யாரா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய் வைன் தயாரிக்கும் இடங்களைக் காட்டுவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். “ஒரு கலியாண வீட்டில் சிவப்பு வைன் ஒரு மிடறு குடித்தேன். வாய் முழுவதும் சுருங்கிப் போயிற்று. இதைச் சுவைத்துப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? போனால் நான் எதைக் கவனிப்பது?” என்று கேட்கிறார்.

அந்தச் சுருக்கத்தையே கவனியுங்கள், அம்மா. வைனில் இருக்கும் ஆகச் சிறந்த வேதியியல் அதற்குள்தான் இருக்கிறது.

வழக்கமான படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் ஊற்றுவார்கள். தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் மணப்பொருட்கள் ஆவியாகி மேலெழும், முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு மிடறு எடுத்து வாயெங்கும் புரட்டுங்கள். தொண்டையின் பின்வழியாகவும் மணம் மூக்கை எட்டும். தடிமன் பிடித்த நாட்களில் சோறு சப்பென்று இருப்பது அந்த வழி அடைபடுவதால்தான். வழிகாட்டி சொல்லும் செர்ரியும் பிளம்மும் உங்கள் மூக்குக்குப் படாவிட்டால் கவலை வேண்டாம். பிரான்சின் போர்தோ நகரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். வைன் தயாரிப்பைப் படிக்கும் 54 மாணவர்களும் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். கண் அவ்வளவு எளிதாக மூக்கை ஏமாற்றுகிறது. ஆகவே நாவற்பழம், கறுவா, மழை பெய்த மண் என்று உங்களுக்குத் தோன்றுவதையே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வாய்க்கு வருவோம். திராட்சையின் தோலிலும் விதையிலும் தனின் என்ற பொருள் இருக்கிறது. வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு வைனுக்கோ தோலும் விதையும் சாற்றோடு நாட்கணக்கில் ஊறுகின்றன. நிறமும் தனினும் அப்படித்தான் இறங்குகின்றன.

உமிழ்நீரை வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. காதுக்கு முன்னால் உள்ள சுரப்பி அதைத் தாராளமாகச் சுரக்கிறது. ஏனைய புரதங்கள் பலவும் மடிந்து உருண்டையாகிவிடும். புரோலினின் வளைய வடிவமோ சங்கிலியை அப்படி மடிய விடுவதில்லை. எனவே இந்தப் புரதங்கள் நீண்டு, விரிந்து, எதையும் பற்றிக்கொள்ளத் தயாராக நிற்கின்றன. தனின் மூலக்கூறிலும் தட்டையான வளையங்கள் உண்டு. இரண்டும் சந்திக்கும்போது வளையத்தின் மேல் வளையம் படிகிறது. ஐதரசன் பிணைப்புகள் அதை இறுக்குகின்றன. ஒரே தனின் மூலக்கூறு பல இடங்களில் பிடிக்கக்கூடியது என்பதால் பக்கத்துப் புரதங்களையும் இழுத்துச் சேர்த்துவிடும். கட்டு பெருத்துக்கொண்டே போய், கரைந்திருக்க முடியாமல் துகள்களாகத் திரள்கிறது. வழுவழுப்பைக் கொடுத்த புரதம் போய்விட்டது. நாக்கு அண்ணத்தில் நேரடியாக உராய்கிறது. நீங்கள் சொன்ன சுருக்கம் இதுதான்.

கண்ணாலும் பார்க்கலாம். சிவப்பு வைனை வாயில் நன்றாகப் புரட்டி, அங்கே வைத்திருக்கும் துப்பும் கிண்ணத்தில் துப்பிப் பாருங்கள். எச்சிலில் ஊதா நிற இழைகளும் சிறு திரளைகளும் தெரியும். இன்னொன்றும் செய்யலாம். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒரு துளி வைனைத் தேயுங்கள். சுவை மொட்டுகள் இல்லாத அந்த இடமும் வறண்டு பிடிக்கும். துவர்ப்பில் தொடுகைக்கு எவ்வளவு பங்கு என்பது அப்போது விளங்கும்.

எங்கள் பக்கத்து மரமுந்திரிகைப் பழத்தைக் கடித்தவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் சாறு இனிக்கும், அடுத்த கணம் தொண்டை கரகரக்கும், அங்கும் தனின்தான். இலையையும் காயையும் தின்ன வரும் விலங்கின் சமிபாட்டு நொதியங்களும் புரதங்களே. அவற்றைப் பிடித்து முடக்கத் தாவரம் தனினைச் சேர்த்து வைக்கிறது. விலங்குகளின் பதிலடி அதைவிட அழகு. தனின் மிகுந்த இறுங்குச் சோளத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே அவற்றின் உமிழ்நீரில் இந்தப் புரோலின் புரதங்கள் பல மடங்கு பெருகின. வாயிலேயே தனினைப் பிடித்துக் கட்டிவிட்டால் வயிறு தப்பிக்கும் அல்லவா!

உமிழ்நீர் மறுபடி ஊற நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த மிடறு போனால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் வெள்ளையில் தொடங்குங்கள். பிறகு மென்மையான சிவப்பு வைனான பினோ நுவார், கடைசியில் துவர்ப்பு மிகுந்த கபர்னே சோவின்யோன். இடையில் தண்ணீரும் வெறும் பாணும். சீஸ் கொடுத்தால் அதையும் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவையுங்கள். அதிலுள்ள பால்புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். புறப்படுமுன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். சீனி போடாத கடும் சாயத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அதிலேயே பாலை ஊற்றி மறுபடி குடியுங்கள். தனினுக்குப் பிடித்துக்கொள்ளப் பால்புரதம் கிடைத்துவிடும், உங்கள் உமிழ்நீர் தப்பும். போர்தோவில் வைனை மென்மையாக்க முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து தனினைப் படிய வைப்பதும் இதே கணக்குத்தான். நீங்கள் போகும் இடத்தில் எதைக் கலக்கிறார்கள், தோலை எத்தனை நாள் ஊற விடுகிறார்கள் என்று கேளுங்கள். நல்ல கேள்விகளுக்கு அங்கே நல்ல வரவேற்பு இருக்கும்.

சிவப்பு வைன் குடித்தால் இரத்தம் ஊறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறம் திராட்சைத் தோலுடையது. மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைக்கூடத் தனின் பிடித்து வைத்து, உடம்பில் சேர விடாமல் தடுக்கும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சுவைத்துவிட்டுத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டி ஓட்டும் மருமகன் துப்பியே ஆக வேண்டும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பருப்பை எடுத்துக்கொண்டு மரமுந்திரிகைப் பழத்தை மரத்தடியிலேயே அழுக விடுகிறோம். கேரளத்தில் சவ்வரிசிக் கஞ்சியைச் சாற்றில் கலந்து, துவர்ப்பைப் படிய வைத்துத் தெளிந்த சாற்றை எடுக்கும் முறை இருக்கிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இந்தப் பழத்தின் துவர்ப்பை நீக்கும் ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

நீங்கள் போகும் மார்ச் அங்கே அறுவடைக் காலம். அனுமதி கேட்டு ஒரு கறுப்புத் திராட்சையைக் கொடியிலிருந்து பறித்துத் தாருங்கள் என்று சொல்லுங்கள். சதையை விழுங்கிவிட்டுத் தோலைத் தனியாக மெல்லுங்கள். பிறகு விதையைக் கடியுங்கள். பச்சை விதை வாயைப் பிடித்துக்கொள்ளும், பழுப்பு விதையில் அந்தக் கடுமை குறைந்திருக்கும். பழத்தை இன்று பறிப்பதா, இன்னும் சில நாள் விடுவதா என்பதை அவர்களும் இப்படி மென்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.