ஊசிக்கு முன் ஈறில் தடவும் மருந்து: எல்லா ஜெல்லும் ஒன்றல்ல

"ஊசிக்கு முன்னால் அந்த ஜெல்லைக் கொஞ்சம் தாராளமாகவே தடவிவிடுங்கள் டாக்டர்." பல் சிகிச்சை அறையில் நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. ஊசிக்குப் பயப்படுகிறவர் அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் மருந்தை அதிகமாகத் தடவினால் வலி அதிகமாகக் குறையும் என்பது சரியில்லை. எந்த மருந்து, வாயின் எந்த இடம், தடவிய பிறகு எவ்வளவு நேரம் பொறுத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன் கிடைக்கும். அளவைக் கூட்டினால் கூடுவது பெரும்பாலும் ஆபத்து மட்டுமே.

இந்த மருந்துகள் எல்லாமே நரம்பு முனைகளில் சோடியம் நுழையும் வழியை அடைத்து, வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் தடுக்கின்றன. மேலே தடவும்போது மருந்து இறங்குவது 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் வரைதான். அதனால் ஊசி முனை ஈறைத் துளைக்கும் அந்த முதல் சுருக் வலி குறையும். கீழ்த்தாடையின் பெரிய நரம்பை மரத்துப்போகச் செய்ய ஊசி ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. அந்த ஆழத்தில் ஜெல்லுக்கு வேலையே இல்லை. ஜெல் போட்டும் வலித்தது என்று சொல்கிறவர்களில் பலர் உணர்ந்தது இந்த உள்வலியைத்தான்.

அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று, 20 சதவீத பென்சோகெயின் ஜெல். அரை நிமிடத்திலேயே மரமரப்பு தொடங்கிவிடும், முழுப் பலனுக்கு 2 நிமிடம் வரை ஆகும், 5 முதல் 15 நிமிடத்தில் போய்விடும். தண்ணீரில் அதிகம் கரையாத மருந்து என்பதால் ரத்தத்தில் கலப்பது குறைவு. பழச் சுவைகளில் கிடைப்பதால் குழந்தைகளும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். இன்னொன்று லிக்னோகெயின்; சில லேபிள்களில் லிடோகெயின் என்று இருக்கும், இரண்டும் ஒரே மருந்துதான். 5 சதவீதக் களிம்பாகவும் 10 சதவீத ஸ்பிரேயாகவும் வருகிறது. இது வேலை செய்ய 2 முதல் 5 நிமிடம் வேண்டும், ஆனால் பென்சோகெயினைவிட நீண்ட நேரம் நிற்கும். வேதி அமைப்பை வைத்து இந்த மருந்துகளை இரு வகையாகப் பிரிப்பார்கள்: பென்சோகெயின் எஸ்டர் வகை, லிக்னோகெயின் அமைடு வகை. ஒவ்வாமை எஸ்டர் வகையில்தான் சற்று அதிகம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் மற்றதைத் தரலாம்.

ஸ்பிரேயைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒரு அழுத்தத்துக்கு 10 மில்லிகிராம் வெளிவரும். நேராக வாய்க்குள் அடித்தால் ஈறில் விழுவதைவிட நாக்கிலும் தொண்டையிலும் விழுவது அதிகம். தொண்டை மரத்துப்போனால் விழுங்க முடியாத உணர்வு வந்து நோயாளி இன்னும் பதறுவார். பஞ்சில் அடித்து, அந்தப் பஞ்சை ஈறில் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உண்மையான சோதனை அண்ணத்தில்தான். அங்கே மேல்தோல் கடினமானது, எலும்போடு இறுக ஒட்டியிருப்பது. வழக்கமான ஜெல்கள் அங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை. லிக்னோகெயினும் அதே அமைடு வகையைச் சேர்ந்த பிரைலோகெயினும் 2.5 சதவீதம் வீதம் கலந்த கிரீம் அண்ணத்தில் மேலாக வேலை செய்வதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காரணம் சுவாரசியமானது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் அறை வெப்பத்தில் படிகங்கள். சரியான விகிதத்தில் சேர்த்தால் உருகி எண்ணெய் போலாகிவிடும். அப்படி நீர்மமாக இருப்பதால் செறிவாக உள்ளே ஊடுருவுகிறது. ஆனால் அந்தக் கிரீம் தோலுக்காகத் தயாரிக்கப்பட்டது. கசக்கும், எச்சிலோடு வழிந்து ஓடும். இதே கலவையை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் விடுவதற்கென்று ஒரு ஜெல்லாகவும் செய்திருக்கிறார்கள். குளிர்ச்சியில் நீர்த்து இருக்கும், உடல் சூட்டில் கெட்டியாகி அங்கேயே தங்கும். அரை நிமிடத்தில் மரத்து, சுமார் 20 நிமிடம் நிற்கும். ஈறு நோய்க்காக வேர் வரை சுத்தம் செய்யும்போது ஊசியையே தவிர்க்க உதவுகிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டெட்ராகெயின் என்ற இன்னொரு மருந்து வலுவானது, ஆனால் ரத்தத்தில் வேகமாகக் கலந்து நச்சாகக்கூடியது என்பதால் மிகக் கொஞ்சமாகத்தான் தொட வேண்டும். எஸ்டரும் அமைடும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைக்ளோனின் என்ற வேறு வகை மருந்து இருக்கிறது. மெதுவாக வேலை செய்யும்.

சரி, எதைத் தேர்ந்தாலும் கையாளும் விதம் சரியில்லை என்றால் பலனில்லை. முதலில் ஈறை உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை எச்சில் கழுவிவிடும். பஞ்சு நுனியில் சிறிதளவு எடுத்து, ஊசி நுழையும் இடத்தில் மட்டும் வைத்து, அந்த மருந்துக்கு உரிய நேரம் பொறுக்க வேண்டும். பத்து விநாடி தடவிவிட்டு உடனே ஊசி போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது நோயாளியின் மனத்துக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான். ஊசி மருந்தை மெதுவாகச் செலுத்துவதும் (ஒரு நிமிடத்துக்கு 1 மில்லி போதும்), அண்ணத்தில் போடும்போது பக்கத்தில் பஞ்சால் அழுத்திப் பிடிப்பதும் எந்த ஜெல்லுக்கும் குறையாத நிவாரணம் தரும்.

இனி வீட்டு உபயோகம். நான் கவலையோடு எழுதுவது இதைப் பற்றித்தான். பல் முளைக்கும் குழந்தைக்கு மரத்துப்போகும் ஜெல் தடவவே கூடாது. பென்சோகெயின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றி, பிராணவாயுவைச் சுமக்க முடியாததாக ஆக்கக்கூடும். மெத்தீமோகுளோபினீமியா என்பது இதுதான். அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கலாம். பிரைலோகெயினுக்கும் இந்தக் குணம் உண்டு. அப்படி மாறிய ஹீமோகுளோபினைச் சீராக்கும் நொதி, பிறந்த சில மாதங்களில் போதிய அளவு இருப்பதில்லை. அதனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வாயில் தடவும் பென்சோகெயின் பொருட்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அதற்கு முன்பே 2014இல், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு 2 சதவீத லிக்னோகெயின் திரவத்தைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தது. வலிப்பு, இதயப் பாதிப்பு, மூளைப் பாதிப்பு வரை போயிருக்கிறது. இவ்வளவு ஆபத்துக்கும் கிடைக்கும் பலன் என்னவென்றால், சில நிமிடங்களில் எச்சிலோடு போய்விடும் ஒரு மரமரப்பு. சுத்தமான விரலால் ஈறை மெல்ல அழுத்திவிடுங்கள். குளிர்ந்த பல் வளையம் கொடுங்கள், உறைய வைத்தது வேண்டாம்.

பெரியவர்களும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. மருந்து தடவிய சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உதடு, நகம் சாம்பலாகவோ நீலமாகவோ மாறினால், மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போய், எந்த மருந்து தடவியது என்பதையும் சொல்லுங்கள். இந்த நிலையை முறிக்கும் மருந்து இருக்கிறது.

பல்வலிக்கு ஜெல் வாங்கித் தடவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொத்தைப் பல்லின் வலி பல்லுக்குள் இருக்கும் கூழில், அதாவது நரம்புள்ள மென்மையான சதையில், பிறக்கிறது. ஈறில் தடவும் மருந்து அங்கே போகாது. வாய்ப்புண்ணுக்கு வேண்டுமானால் உதவும். இரண்டு நாள் தடவித் தள்ளிப்போட்ட வலி, மூன்றாம் நாள் வீக்கத்தோடு வருவதுண்டு.

சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்து வரும்போது அதன் எடையைச் சொல்லுங்கள். லிக்னோகெயினுக்குக் குழந்தைகளில் கடைப்பிடிக்கப்படும் வரம்பு ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு அது 66 மில்லிகிராம். 1.8 மில்லி கொண்ட 2 சதவீத ஊசிக் குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் இருக்கிறது. ஸ்பிரேயை 4 முறை அடித்தால் மேலும் 40. தடவியது எல்லாமே ரத்தத்தில் சேராது என்றாலும், சேரும் என்று வைத்துக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது. அன்று காலையில் வீட்டில் ஏதாவது ஜெல் தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.